மூன்று மாத விசா

புளுமெண்டல் வீதியில் நாற்பத்தாறு வாகனம்.
எண்ணியவன் நான்தான், செய்ய வேறென்ன இருக்கிறது.
எனக்கு முன்னால் சுனிமல், அவனுக்கு முன்னால் ரம்சீன்,
அதற்கும் முன்னால் யாரோ ஒருவனின் நீலக் கொண்டெய்னர்
மத்தியானம் தொடக்கம் அசையவில்லை.
துறைமுகக் கேற்றில் கணினி படுத்துவிட்டதாம்.
படுக்கட்டும். அதுவும் பாவம்தானே.

ஒருகொடவத்தை யார்ட்டில் இருந்து கேற்றுக்கு நாலு கிலோமீற்றர்.
நாலு.
தமாமில் சாமான் ஏற்றி
பத்ஹா எல்லையில் முத்திரை குத்தி
மறுநாள் மஸ்கட்டில் பல் விளக்கிய ஆட்கள் நாங்கள்.
இருநூறு கிலோமீற்றருக்கு ஒரு வளைவு,
அந்த ஒன்றிலும் எவனாவது நித்திரையாகி உருண்டு கிடப்பான்.
இங்கே எந்தப் பக்கம் மிதித்தாலும்
கடைசிக் கியர் சூடாக முதல் கடல் வந்து நிற்கிறது.
நாடில்லை மச்சான் இது, பார்க்கிங், என்பான் ரம்சீன்.

எட்டரைக்கு அடுப்பு வந்தது.
பாலைவனத்துப் பழக்கம், டூல் பெட்டியைத் திறந்தால் குசினி.
சிலிண்டர் சுனிமலுடையது.
கோழி பெனட்டினது, எங்கிருந்து என்று கேட்கக்கூடாது.
மிளகாய்த்தூள் ரம்சீன் மட்டும்தான் போடுவான்,
வேறு கை பட்டால் சல்வா எல்லையில் நடந்ததைத் தொடங்குவான்,
முடிய இரண்டு மணித்தியாலம் ஆகும்,
ஆகவே ஒருவரும் தொடுவதில்லை.

சீற்றுக்குக் கீழிருந்து சாராயம்
பச்சைப்பிள்ளை போல துவாயில் சுற்றி வந்தது.
டயருக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே முன்னூற்று நாலு.
பெனட் ஜேக்கை சாரத்துக்குள் ஒளித்தான்.
அதற்கு நான் எறிந்த செருப்பு
அவனுடைய கொண்டெய்னரின் கூரையில் ஏறிவிட்டது.
உள்ளே ஐரோப்பாவுக்குப் போகும் உள்ளாடை,
மேலே என் பாட்டா.
ஹாம்பர்க்கில் இறங்கட்டும், ஒற்றைக் காலாவது பார்க்கட்டும்.

பன்னிரண்டு தாண்ட சுனிமல் தும்புத்தடியோடு எழுந்தான்.
வீதிக்குக் குறுக்கே கயிறு கட்டினான்.
அதுதான் பத்ஹா. அவன்தான் ஷுர்தா.
ஜவாஸ்! இகாமா!
பெட்டிக்குள் என்ன?
ஒட்டகம், என்றான் பெனட்.
எத்தனை?
ஒன்று, ஆனால் மடித்து வைத்திருக்கிறது.
பின்வரிசை ஆட்களும் வந்து சிரித்தார்கள்.

என் முறை வந்தபோது அவனுக்கு அரபு முடிந்துவிட்டது.
வெறியில் வாயில் வந்ததைக் கேட்டான்:
அயிடென்டிய கோ?

என் கை
என்னைக் கேட்காமல் சட்டைப்பைக்குப் போய்விட்டது.
ஆமர் வீதியில் பஸ்ஸால் இறக்கி நிறுத்திய
பத்தொன்பது வயதுக் கை.
இத்தனை எல்லை கடந்தும்
அது மட்டும் அங்கேயே நின்றிருக்கிறது.

சட்டிக்குள் கோழி தனியாகப் பேசியது.

சுனிமல் என் கையைப் பார்த்தான்.
தும்புத்தடியை என்னிடம் நீட்டினான்.
இப்ப நீ, என்றான்.
தானே போய் டயரில் இரண்டு கையும் ஊன்றி நின்றான்.
பையைக் கிண்டினேன்:
கீறாத லொத்தர் ஒன்று, நாலு பனடோல், மகளின் டியூஷன் சிட்டை.
அவசரமில்லாமல் பார்த்தேன்.
எந்த ஊர்?
மத்துகம.
எத்தனை நாள் நிற்பாய்?
நீ விடுகிற வரைக்கும்.

பெருவிரலைக் கோழிக் குழம்பில் தோய்த்து
அவன் முழங்கையில் அழுத்தினேன்.
மூன்று மாதம். பிறகு வந்து புதுப்பிக்க வேணும்.
சூடு தாங்காமல் தூஷணத்தால் வைதான்.
பெனட்டுக்கும் விசா வேண்டுமாம், நெற்றியில்.

மூன்று நாற்பதுக்கு முன்னால் ஹோர்ன் கேட்டது.
நீலப் பெட்டி நகர்கிறது.
குடிக்காதவன் ரம்சீன் ஒருவன்தான்,
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.
தன்னுடையதைப் பத்து மீற்றர்.
இறங்கி ஓடிச் சுனிமலுடையதைப் பத்து மீற்றர்.
பிறகு என்னுடையது, பெனட்டினது, மறுபடி தன்னுடையது,
ஒவ்வொரு கதவு அறைதலுக்கும் எங்கள் தாய்மாரை நினைத்தபடி.

நான் பங்கில் குப்புறக் கிடந்தேன்.
ஓய், எவன்டா இப்படி ஹேண்ட்பிரேக் இழுத்தது,
கை கழன்று போகும், என்று கத்தினான்.

நான்தான்.
சொல்லவில்லை.